பச்சை உடம்பில் வீங்கிய இடது கால்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்காக

காவிரிப் படுகையில் ஒருவருக்கு ஒற்றைக் கால் வீங்கினால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. யானைக்கால் நோய் நெடுங்காலம் வேரூன்றியிருந்த பகுதி இது. இங்குள்ள பெரியவர்கள் வீட்டிலோ உறவிலோ தெருவிலோ அந்த நோயாளி ஒருவரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தால், அவசரமாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு நோய் அதே பெயரில் மறைந்து போகிறது. காலின் உள்ளே ஆழத்தில் ஓடி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாவதுதான் அந்த நோய். உறைகட்டியின் ஒரு துண்டு பிய்ந்து இதயத்தின் வழியாக நுரையீரலுக்குச் சென்று அடைத்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில நிமிடங்களில் உயிரிழக்கலாம்.

சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய ஓர் இளம் தாய்க்கு இது நேர்ந்தது. நோய் எப்படித் தொடங்கியது, எப்படிக் கண்டறியப்பட்டது, சிகிச்சையில் எங்கெல்லாம் தடுமாற்றம் வந்தது என்பதை எங்கள் வட்டாரத்தின் செவிலியர்களும் மருத்துவர்களும் பேறுகாலத்தில் வீட்டில் துணை நிற்கும் குடும்பத்தாரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். அவரையோ அவருடைய ஊரையோ மருத்துவமனைகளையோ அடையாளம் காட்டும் விவரங்கள் இதில் இல்லை.

பின்னணி

அவருக்கு வயது 29. இது முதல் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, குடமுருட்டி ஆற்றை ஒட்டிய தாய்வீட்டுக்கு வந்திருந்தார். உயரம் 157 செ.மீ., பிரசவத்துக்கு முந்தைய எடை 81 கிலோ. அதாவது உடல் நிறை குறியீடு 30-ஐத் தாண்டியிருந்தது. வலி தொடங்கி வெகுநேரமாகியும் குழந்தை இறங்காததால் அவசர சிசேரியன் செய்யப்பட்டது. இரத்தப்போக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததால், ஹீமோகுளோபின் 9.2-க்கு இறங்கியது. மற்றபடி தாயும் சேயும் நலமாக இருந்ததால் தையல் பிரித்து ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அது ஐப்பசி அடைமழைக் காலம். வாசலில் கால் வைக்க முடியாதபடி சேறு. பச்சை உடம்புக்காரி ஈரத்தில் நடக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது என்று வீட்டில் இருந்தவர்கள் அவரை ஓர் அறையிலேயே வைத்திருந்தார்கள். கழிப்பறைக்கு எழுவதைத் தவிர நடமாட்டம் இல்லை. தண்ணீர் அதிகம் குடித்தால் சீதளம் பிடிக்கும், வயிறு சரியும், தையல் ஆறாது என்று வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர் மட்டுமே கொடுத்தார்கள். பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் தவறாமல் கிடைத்தன. இதில் எதுவும் அலட்சியத்தால் செய்யப்பட்டதல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இரத்தம் உறைவதற்கு எவையெல்லாம் வேண்டுமோ அவையெல்லாம் அந்த அறையில் கூடியிருந்தன. இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தக் குழாயின் சுவரில் காயம், இரத்தத்துக்கே உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் சேரும்போது நாளத்துக்குள் உறைகட்டி உண்டாகிறது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் வழங்கும் விளக்கம் இது. பிரசவத்தில் இரத்தம் அளவுக்கு மீறிப் போய்விடாமல் காப்பதற்காக, கர்ப்ப காலத்திலேயே உடல் உறைவுக் காரணிகளைக் கூட்டிக்கொள்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அது உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முதல் ஆறு வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். இதோடு அறுவை சிகிச்சை, உடற்பருமன், இரத்த இழப்பு, படுக்கை, நீர்க்குறைவு ஆகியவையும் சேர்ந்தன.

கவனிக்கப்பட்டவை

ஒன்பதாம் நாள் இடுப்பின் இடப்பக்கத்தில் வலி தொடங்கியது. முதுகில் போட்ட மயக்க ஊசியால் வந்த வலி என்று நினைத்தார்கள். பதினோராம் நாள் மாலை இடது கால் கனப்பதாக அவர் சொன்னார். மறுநாள் விடிந்தபோது பாதத்திலிருந்து தொடைவரை வீங்கியிருந்தது. இலேசான காய்ச்சலும் இருந்தது. அதைப் பால் கட்டியதால் வந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். தொடை இடுக்கைத் தடவிப் பார்த்த அம்மாச்சி, அங்கே கயிறுபோல் ஏதோ தடித்திருப்பதையும் தொட்டால் வலிப்பதையும் கண்டு, நெறி கட்டியிருப்பதாக முடிவு செய்தார். நெறி கட்டி, காய்ச்சல் வந்து, கால் வீங்கினால் அது யானைக்கால் என்பது அவர் வாழ்நாளில் கண்டறிந்த உண்மை. நொச்சி இலை ஒத்தடம் கொடுத்து, இரண்டு மாலைகள் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்துக் கெண்டைக்காலிலிருந்து மேல்நோக்கி நீவிவிட்டார். மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையும் இரண்டு நாள் கொடுக்கப்பட்டது. வலி சற்றுக் குறைந்ததால், நோயும் குறைகிறது என்று நம்பினார்கள்.

பதினான்காம் நாள் கிராம சுகாதார செவிலியர் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் வீட்டு வருகைக்கு வந்தார். மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. முதல் இரண்டு நாட்களும் மருத்துவமனையிலேயே கழிந்ததால், இந்தத் தாயை வீட்டில் பார்த்த முதல் நாள் இதுதான். குழந்தையை எடை போட்டு, தொப்புளைப் பார்த்து, பால் குடிக்கும் விதத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணில் ஒன்று பட்டது. தாயின் வலது காலில் கொலுசு இருந்தது. இடது காலில் இல்லை. ஆனால் கொலுசின் முத்து வரிசை இடது கணுக்காலுக்கு மேல் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. வீக்கத்தால் இறுகிய கொலுசை அன்று காலைதான் கழற்றியிருந்தார்கள்.

சேலையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கச் சொல்லிப் பார்த்தபோது இடது கால் பளபளவென்று, வலது காலைவிடச் சற்றுக் கருநீலமாக இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பியது. குழந்தையின் தலைச் சுற்றளவை எடுக்க வைத்திருந்த டேப்பையே எடுத்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு முனையிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் சுற்றளவு எடுத்தார். வலது 36 செ.மீ., இடது 40.5 செ.மீ. தொடையில் வேறுபாடு 6 செ.மீ. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104; மூச்சு 20; ஆக்சிஜன் அளவு 97 விழுக்காடு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் எதுவும் இல்லை.

கெண்டைக்கால் சுற்றளவில் 3 செ.மீ.-க்கு மேல் வேறுபாடு இருப்பதும், கால் முழுவதும் வீங்குவதும், அறுவை சிகிச்சை நடந்து 12 வாரம் ஆகாததும் ஆழ்சிரை உறைவைச் சந்தேகிக்க உலகெங்கும் பயன்படும் வெல்ஸ் மதிப்பெண்ணில் இடம்பெறும் அறிகுறிகள். அந்த மதிப்பெண் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்குமென்று வகுக்கப்பட்டதல்ல என்றாலும், டேப் காட்டிய எண்ணை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பாதத்தை மேல்நோக்கி வளைத்துக் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைச் செவிலியர் செய்யவில்லை. அது நம்பத்தக்கதல்ல என்பதால் செய்யாததே சரி.

வீட்டில் எடுத்த முடிவு

செவிலியர் முதலில் செய்தது எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னது. அடுத்து எனக்குத் தொலைபேசியில் அளவுகளைச் சொன்னார். உடனே 108-ஐ அழைப்பது என்றும், அவரைப் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ அழைத்துச் செல்வதில்லை என்றும் முடிவாயிற்று.

குடும்பம் உடனே சம்மதிக்கவில்லை. பதினாறாம் நாள் புண்ணியதானம் வைத்திருந்தார்கள். அதற்குள் வாசற்படி தாண்டக் கூடாது என்றார்கள். மழை விட்டபாடில்லை, குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்ற கவலையும் இருந்தது. அந்த உரையாடலைச் செவிலியர் பிறகு என்னிடம் அப்படியே சொன்னார்.

“எங்க மாமியாருக்கும் இப்படித்தான் நெறி கட்டி, குளிர் காய்ச்சல் வந்து கால் வீங்குச்சு நர்ஸம்மா. இது அதேதான். யானைக்கால் மாத்திரைய குடுத்துட்டுப் போங்க” என்றார் அம்மாச்சி.

“உங்க மாமியாருக்கு தொடை வரைக்கும் வீங்க எத்தன நாளாச்சு அம்மாச்சி?”

“நாளா? வருஷக்கணக்குல ஏறுச்சு.”

“இந்தப் பொண்ணுக்கு மூணு நாள்ல ஏறியிருக்கே.”

நோயறிதலின் சாரம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. யானைக்கால் கியூலக்ஸ் கொசு பரப்பும் நுண்புழுக்களால் வருவது. நிணநீர்க் குழாய்கள் திரும்பத் திரும்பக் கெட்டு, காய்ச்சலோடு வந்துபோகும் வீக்கமாகத் தொடங்கி, மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நிலைபெறுவது. ஆழ்சிரை அடைபட்டால் ஓரிரு நாளிலேயே கால் முழுவதும் ஏறிவிடும். வலியும் நிறமாற்றமும் கூடவே வரும். ஏன் தேய்க்கக் கூடாது என்று கேட்ட அம்மாச்சியிடம், மடை அடைத்துக்கொண்டால் மேலே தண்ணீர் ஏறி வரப்பை வழிவதைப்போலத்தான் இந்த வீக்கம் என்றும், அடைத்திருப்பதைத் தள்ளிவிட்டால் அது நெஞ்சுக்குப் போய்ச் சேரும் என்றும் செவிலியர் சொன்னார். வயலில் வாழ்ந்தவருக்கு அது புரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாச்சியே ஆம்புலன்ஸில் ஏறினார்.

அன்று மாலை: ஸ்கேனுக்கு முன்பே ஊசி

வட்ட மருத்துவமனையை அடைந்தபோது மாலை ஆகிவிட்டது. சிரையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதுவும் மறுநாள் காலையில்தான் முடியும். இங்கே இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது.

முதலாவது, டி-டைமர் இரத்தப் பரிசோதனை. உறைகட்டி கரையும்போது வெளிப்படும் புரதத்துணுக்கை அளக்கும் இந்தப் பரிசோதனை, மற்றவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதிப்படுத்தப் பயன்படும். பிரசவித்து இரண்டு வாரமே ஆன தாய்க்கு அது எப்படியும் உயர்ந்தே இருக்கும். உயர்ந்த எண்ணால் இங்கே எதுவும் தெரியவராது என்பதால் அது எடுக்கப்படவில்லை. வீட்டார் கையிலிருந்து தனியார் ஆய்வகத்துக்கு ஒரு தொகை போகாமல் தப்பியது.

இரண்டாவது, ஸ்கேன்வரை காத்திருப்பதா, மருந்தைத் தொடங்கிவிடுவதா என்ற கேள்வி. சந்தேகம் வலுவாக இருந்து, பரிசோதனை தாமதமாகும் என்றால் மருந்தை முன்கூட்டியே தொடங்குவதே ஏற்கப்பட்ட நடைமுறை. ஆனால் இவருக்கு அறுவை சிகிச்சை நடந்து 14 நாள்தான் ஆகிறது. தையல் இடத்தில் கசிவு இல்லை, பிரசவ இரத்தப்போக்கு இயல்பாகக் குறைந்துவருகிறது, தட்டணுக்கள் 2 இலட்சத்துக்கு மேல், சிறுநீரகம் சரியாக இயங்குகிறது என்பதை உறுதி செய்த பிறகு, கிலோவுக்கு 1 மி.கி. என்ற கணக்கில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் வகை மருந்தான எனாக்சாபரின் 80 மி.கி. ஊசி வயிற்றுத் தோலுக்கடியில், தையலிலிருந்து விலக்கிப் போடப்பட்டது. அதையே 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர முடிவாயிற்று. கடை மாத்திரையும் அன்றே நிறுத்தப்பட்டது. உறைவைத் தடுக்கும் மருந்தோடு அதுபோன்ற வலிநிவாரணி மாத்திரைகள் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். பாராசிட்டமால் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை டாப்ளரில் இடது தொடைச் சிரையை ஸ்கேன் கருவியால் அழுத்தியபோது அது அமுங்கவில்லை. உறைவு இல்லாத சிரை இலேசான அழுத்தத்திலேயே தட்டையாகிவிடும்; அமுங்காமல் நிற்பதே அதற்குள் கட்டி இருப்பதன் அடையாளம். உறைவு இடுப்புக்குள் இலியச் சிரைவரை ஏறியிருந்தது. அம்மாச்சி தொட்டுப் பார்த்து நெறி என்று நினைத்தது, உறைந்து தடித்த அந்தச் சிரையைத்தான். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும் ஆழ்சிரை உறைவுகளில் பெரும்பாலானவை இடது காலில் வருகின்றன. வலப்பக்க இலியத் தமனி இடப்பக்க இலியச் சிரையின் குறுக்கே சென்று அதை முதுகெலும்போடு அழுத்துவது அதற்கு ஒரு காரணம். இப்படி இடுப்புவரை ஏறிய உறைவில் முதல் வலி காலில் வராமல் இடுப்பிலும் அடிவயிற்றிலும் வரக்கூடும். ஒன்பதாம் நாள் வலியின் பொருள் இப்போது விளங்கியது.

சிகிச்சையும் அதன் காரணங்களும்

உறைகட்டியைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியாகச் செலுத்தலாமா என்று ஆராய்ந்தார்கள். காலின் உயிரோட்டத்துக்கு ஆபத்து இருந்தால் அது தேவைப்படும். இவருக்குப் பாதத்தில் நாடி நன்றாக இருந்தது. கருப்பையில் ஆறாத காயம் இருக்கும்போது அந்த மருந்தின் இரத்தக்கசிவு ஆபத்து பெரிது. ஆகவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நாடித்துடிப்பு 104 இருந்ததால் நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. மூச்சில் எந்தத் தொந்தரவும் இல்லை, இரத்தசோகையும் காய்ச்சலுமே துடிப்புக்குப் போதுமான காரணம், ஸ்கேனில் ஏதேனும் தெரிந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பதால் அதையும் தவிர்த்துக் கண்காணித்தார்கள்.

ஹெபாரின் வகை ஊசியோ வார்ஃபரின் மாத்திரையோ இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமலும் புதிதாக உண்டாகாமலும் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடல் தானே மெதுவாகச் செய்கிறது. இதை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லாவிட்டால், ஒரு வாரமாகியும் வீக்கம் வடியவில்லையே என்று மருந்தை விட்டுவிடுவார்கள்.

15ஆம் நாள் வார்ஃபரின் 5 மி.கி. தொடங்கியது, ஊசியும் கூடவே தொடர்ந்தது. வார்ஃபரின் முழுப் பலன் தர சில நாட்களாகும். முதல் நாட்களில் அது உடலின் இயற்கையான உறைவுத் தடுப்புப் புரதங்களையே முதலில் குறைப்பதால், ஊசியின் காப்பு இல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆபத்து. குறைந்தது ஐந்து நாள் இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-ஐத் தொட்டு ஒரு நாள் நிலைத்த பிறகே ஊசியை நிறுத்த வேண்டும். இவருக்கு 21ஆம் நாள் 2.2, மறுநாள் 2.5 வந்தது. ஊசி நிறுத்தப்பட்டு, 23ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எட்ட வேண்டிய அளவு 2 முதல் 3 வரை என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதித் தந்தார்கள்.

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் இருக்கும்போது ஏன் வார்ஃபரின் என்று அவருடைய கணவர் கேட்டார், நியாயமான கேள்வி. ரிவராக்சபான், அபிக்சபான் போன்றவை தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. எனாக்சாபரினும் வார்ஃபரினும் குழந்தையைப் பாதிக்கும் அளவில் பாலில் கலப்பதில்லை. மருந்து சாப்பிடுவதால் பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இந்த ஒரு செய்தி பெரும் ஆறுதலாக இருந்தது.

சிகிச்சையின் இரண்டாம் நாளிலிருந்தே அவரை நடக்கச் சொன்னார்கள். மருந்து தொடங்கிய பிறகு நடந்தால் கட்டி பிய்ந்துகொள்ளும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. படுத்தே கிடப்பதுதான் கெடுதல். படுக்கும்போது காலைத் தலையணையில் உயர்த்தி வைத்துக்கொண்டார். வேளைக்கு அரை டம்ளர் என்ற கட்டுப்பாடும் நீங்கியது. வெந்நீர்தான் வேண்டும் என்ற அம்மாச்சியின் விருப்பத்தை யாரும் மறுக்கவில்லை. தாகம் தீரும்வரை குடிக்க வேண்டும் என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

முருங்கைக் கீரையும் ஐ.என்.ஆர். எண்ணும்

வீடு திரும்பிய இரண்டாவது வாரத்தில் ஐ.என்.ஆர். 1.4-க்கு இறங்கியது. மாத்திரை தவறவில்லை என்று குடும்பத்தார் உறுதியாகச் சொன்னார்கள். மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தபோதும் கணக்குச் சரியாக இருந்தது. பிறகு சாப்பாட்டைக் கேட்டபோது காரணம் தெரிந்தது. பால் நன்றாக ஊற வேண்டும் என்று தினமும் காலையில் முருங்கைக் கீரைச் சாறும் மதியம் அதே கீரையில் பொரியலும் கொடுத்து வந்தார்கள். வார்ஃபரின் வேலை செய்வது வைட்டமின் கே-யைத் தடுத்துத்தான். பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமின் மிகுதி. மருத்துவமனையில் கீரை அரிதாகவே கிடைத்த நாட்களில் கணக்கிட்ட அளவு, வீட்டுச் சாப்பாட்டுக்குப் போதவில்லை.

உறைவு கண்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் 1.4 பாதுகாப்பான அளவல்ல. எண் ஏறும்வரை சில நாட்கள் ஊசி மீண்டும் போடப்பட்டது. வார்ஃபரின் 6 மி.கி. ஆக்கப்பட்டது. கீரையை நிறுத்த வேண்டாம், இரத்தசோகை உள்ள தாய்க்கு அது நல்லது, வாரத்துக்கு இத்தனை நாள் இவ்வளவு என்று ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும் என்று சொல்லப்பட்டது.

ஆனால் வீட்டில் போய்ச் சேர்ந்தது பாதிச் செய்திதான். கீரையால்தான் மருந்து கெட்டது என்று முடிவு செய்து, முருங்கை மட்டுமல்லாமல் எல்லாக் கீரையையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டிய மருந்தும் கீரையில்லாத சாப்பாடும் சேர்ந்து, இரண்டு வாரத்தில் ஐ.என்.ஆர். 4.3-க்கு ஏறியது. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவதாக அவரே கவனித்து வந்து சொன்னார். வேறெங்கும் கசிவு இல்லாததால் ஒரு வேளை மாத்திரையை விட்டு, பழைய 5 மி.கி.-க்குத் திரும்பினார்கள். வெள்ளி, திங்கள் இரண்டு நாள் மட்டும் கீரை என்று வீட்டிலேயே ஒரு வழக்கம் ஏற்பட்ட பிறகு எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நின்றது. வார்ஃபரின் தரும்போது உணவுப் பட்டியலை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, அடுப்படியில் நிற்பவரிடமும் சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இந்த இரண்டு எண்களால்தான்.

குடும்பக் கட்டுப்பாடு பற்றியும் பேச வேண்டியிருந்தது. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதால் அந்த மாதங்களில் கர்ப்பம் கூடாது. அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் உறைவு அபாயத்தைக் கூட்டுவதால் இவருக்கு இனி எப்போதும் ஆகாது. மருந்துக் காலத்தில் மாதவிடாய் மிகுதியாக வர வாய்ப்பிருந்ததால் காப்பர்-டி ஒத்திவைக்கப்பட்டு, அதுவரை ஆணுறை என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

விளைவு

மூன்று மாத முடிவில் கெண்டைக்கால் வேறுபாடு 1.5 செ.மீ. ஆகக் குறைந்திருந்தது. தெளிவான, தற்காலிகமான காரணத்தால் வந்த உறைவுக்கு மூன்று மாத மருந்து அடிப்படைக் காலம். இவருக்கு உறைவு இலியச் சிரைவரை சென்றிருந்ததும் அங்கே ஓட்டம் முழுதாகத் திரும்பாததும் கருதி, மருத்துவர்கள் ஆறு மாதம் தொடர்ந்து பிறகு நிறுத்தினார்கள்.

ஓராண்டுக்குப் பிறகும் வெகுநேரம் நின்றால் மாலையில் இடது கால் கனக்கிறது. கணுக்காலில் இலேசான வீக்கம் வருகிறது. உறைவின்போது சிரையின் வால்வுகள் சேதமடைவதால் வரும் பின்விளைவு இது. ஆழ்சிரை உறைவு கண்டவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை ஏதோ ஓர் அளவில் இதற்கு ஆளாகிறார்கள். முழங்கால்வரை இறுக்கும் காலுறை தரப்பட்டது. அதை அணிவதால் இந்தப் பின்விளைவை உறுதியாகத் தடுக்க முடியும் என்று சொல்ல இயலாது. வீக்கமும் கனமும் குறையும் என்பதற்காகத்தான் பரிந்துரைக்கப்பட்டது. பங்குனி வெயிலில் நாள் முழுவதும் அணிய முடியவில்லை என்று அவர் சொன்னதால், காலையில் எழுந்ததும் வீக்கம் ஏறுமுன் அணிந்து, வேலை முடிந்து மதியம் கழற்றிவிடுவதாக மாற்றிக்கொண்டார்.

எவை மாற வேண்டும், எவை மாறின

பிரசவத்தை நடத்திய மருத்துவமனையில் உறைவு அபாயத்தைக் கணக்கிட்டதாகக் குறிப்பேட்டில் பதிவு இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, வலி கண்ட பிறகு செய்யும் சிசேரியனுக்கு 2 மதிப்பெண். உடல் நிறை குறியீடு 30-க்கு மேல் இருந்தால் இன்னும் 1. பிரசவத்துக்குப் பின் மொத்தம் 2 வந்தாலே குறைந்தது 10 நாள் தடுப்பு ஹெபாரின் ஊசியைக் கருதச் சொல்கிறது. இவருடைய எடைக்கு அது நாளொன்றுக்கு 40 மி.கி. எனாக்சாபரின். அந்த வழிகாட்டியை அப்படியே நம் மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்துவதில் செலவு, இரத்தக்கசிவு பற்றிய கேள்விகள் உண்டு. சிசேரியன் எண்ணிக்கை இங்கே மிகப் பெரிது. ஆனால் கணக்கிடுவதற்குச் செலவில்லை. கணக்கிட்ட பிறகு ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், அந்தத் தாயை முதல் நாளே எழுப்பி நடக்கவைக்கவும், கால் வீங்கினால் உடனே வரச் சொல்லவும் அந்த எண் வழிவகுக்கும்.

எங்கள் வட்டாரத்தில் மூன்று மாற்றங்கள் செய்தோம். வீட்டு வருகையின்போது தாயின் இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் டேப்பால் அளந்து எழுதுவதும் செவிலியர்களின் பதிவேட்டில் ஒரு வரியாகச் சேர்ந்தது. சிசேரியன் முடிந்து ஏழாம் நாளுக்குப் பிறகே வீடு வரும் தாய்மார்களுக்குப் பத்தாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. கால், மூச்சு, நடை மூன்றையும் கேட்கிறார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்ததும் நடக்கும் சந்திப்பில், பேறுகாலத்தில் உடனிருக்கப் போகும் பெரியவரையும் அழைத்துவரச் சொல்கிறோம். பத்தியத்தைக் குறை கூறுவதில்லை. பச்சை உடம்பைக் காப்பதற்கு வெந்நீர் நிறைய வேண்டும், வீட்டுக்குள்ளேயே வேளைக்குச் சில நடைகள் வேண்டும், ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்க்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறோம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரத்தைப் பார்க்காமல் 108-ஐ அழைக்கச் சொல்கிறோம்.

யானைக்கால் நோயாளிகளுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே யானைக்கால் உள்ளவருக்கு ஆழ்சிரை உறைவு வராது என்று எந்த விதியும் இல்லை. பழைய வீக்கம் சில நாளில் திடீரென்று கூடி வலித்தால் அவர்களையும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

செய்ய முடியாததும் ஒன்று உண்டு. ஐ.என்.ஆர். பார்க்க இந்தத் தாய் ஒவ்வொரு முறையும் கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வட்ட மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. விரல் நுனி இரத்தத்தில் அதைப் பார்க்கும் கருவி வட்டார நிலையத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

அடுத்த குழந்தை பற்றி அவர் கேட்டபோது, தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. நாள் தள்ளியதும் முதல் சந்திப்பிலேயே இந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே தடுப்பு ஊசி தேவைப்படலாம். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் கட்டாயம் தொடர வேண்டும். இந்த மூன்று வரிகளும் அவருடைய தாய்சேய் நல அட்டையின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதப்பட்டு, அதன் நகல் கணவரின் ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்பப்பட்டிருக்கிறது.